கணக்கில் வராத உயிர்கள்

உயிர் காக்கும் தொண்டு என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவர் யார்? வெள்ளை அங்கி அணிந்த டாக்டர். இரவெல்லாம் விழித்திருக்கும் நர்ஸ். மலைக்கிராமத்து மருந்தகத்தில் பணியாற்றும் அருட்சகோதரி. இவர்களைப் போற்றாதவர் யாரும் இல்லை, போற்றவும் வேண்டும். ஆனால் இந்த வரிசையில் நாம் ஒருவரை மறந்துவிடுகிறோம். அவர் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்ப்பதில்லை. கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு, புழுதி பறக்கும் கிராமத்துச் சாலையில், நாய்களுக்கும் மாடுகளுக்கும் நடுவே நிற்கிறார். மிருகங்களிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களை ஆராயும் கால்நடை மருத்துவ விஞ்ஞானி அவர்.

அவரும் மனித உயிரைக் காப்பவரே என்பது எங்கள் கருத்து. மற்றவர் எண்ண மறந்த உயிர்களை முதன்முதலில் எண்ணிக் காட்டுபவர் அவர். எண்ணப்படாத சாவுக்கு மருந்தும் வராது, பணமும் வராது, பரிவும் வராது. ஆகவே அப்பணியை நாம் மதிக்க வேண்டும். நம்முள் சிலரேனும் அதை மேற்கொள்ளவும் வேண்டும். இதை ஒரு பெண்மணியின் வாழ்க்கைப் பணியைக் கொண்டே இங்கு விளக்க முயல்கிறோம்.

முதலில் அந்தப் பணி எத்தகையது என்று பார்ப்போம். டாக்டர் ஒரு நேரத்தில் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். கால்நடை மருத்துவர் ஒரு பசுவையோ ஒரு நாயையோ பார்க்கிறார். தொற்றுநோய்களை ஆராய்பவரோ ஊர் முழுவதையும் ஒரே நோயாளியாகப் பார்க்கிறார். நோய் யாருக்கு வந்தது? எங்கே வந்தது? எப்போது வந்தது? எதிலிருந்து வந்தது? அடுத்து எங்கே போகும்? இவைதாம் அவர் கேட்கும் கேள்விகள். குழாயும் ஊசியும் அவரிடம் உண்டு; எனினும் அவருடைய முதல் ஆயுதம் கணக்கு. நம்மில் பலர் வெறுக்கும் அதே கணக்குப் பாடந்தான்!

மனிதருக்கும் மிருகங்களுக்கும் பொதுவான நோய்கள் ஏதோ ஒன்றிரண்டு இருக்கும் என்று நாம் எண்ணலாம். எடின்பரோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2001ஆம் ஆண்டு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். மனிதனுக்கு நோய் தரும் நுண்ணுயிர்களும் புழுக்களுமாக 1,415 இனங்களை அவர்கள் எண்ணினார்கள். அவற்றுள் 868 இனங்கள் மிருகங்களிடமிருந்து மனிதனுக்குத் தொற்றக்கூடியவை. நூற்றுக்கு 61! அப்படியானால் மிருகத்தின் நோயை அறியாத மருத்துவம் பாதி மருத்துவமே அல்லவா?

இனி அந்தப் பெண்மணிக்கு வருவோம். சாரா கிளீவ்லண்ட் அம்மையார் இங்கிலாந்து நாட்டவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் பயின்று 1988ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். நகரத்தில் ஒரு மருத்துவமனை திறந்து, பணக்காரர் வீட்டு நாய்க்குட்டிகளுக்கும் பூனைகளுக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டு வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள தான்சானியா நாட்டின் செரெங்கெட்டிப் பகுதியைத் தம் ஆராய்ச்சிக் களமாகத் தேர்ந்தெடுத்தார். அங்கே வெறிநாய்க்கடி நோயை ஆராய்ந்து 1996ஆம் ஆண்டு லண்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அதன் பிறகும் அந்த மண்ணை விட்டு அவர் மனம் விலகவில்லை. எடின்பரோவிலும் பின்னர் கிளாஸ்கோவிலும் பல்கலைக்கழகப் பணியில் இருந்தபடியே ஆண்டுதோறும் அந்த ஊர்களின் நாய்களையும் மக்களையும் தேடிப் போய்க்கொண்டிருந்தார்.

செரெங்கெட்டி என்றதும் சிங்கமும் சிறுத்தையும் காட்டு மாடுகளும் நிறைந்த சரணாலயம் நம் நினைவுக்கு வரும். சரணாலயத்தின் எல்லையை ஒட்டி ஏழை உழவரும் மாடு மேய்ப்பவரும் வாழும் கிராமங்கள் இருக்கின்றன. வீட்டைக் காக்கவும் மந்தையைக் காக்கவும் அவர்கள் நாய் வளர்க்கிறார்கள். அந்த நாய்களிடையே ரேபிஸ் என்னும் வெறிநோய் பரவியிருந்தது. அந்நாட்டு மக்கள் பேசும் சுவாஹிலி மொழியில் இந்நோய்க்கு 'கிச்சா சா ம்ப்வா' என்று பெயர். 'நாயின் பைத்தியம்' என்பது அதன் பொருள். நாம் வெறிநாய்க்கடி என்கிறோம். கடல் கடந்த இரு மக்கள் ஒரே நோய்க்கு ஏறக்குறைய ஒரே பெயரை இட்டிருப்பது வியப்பன்று. துன்பம் ஒன்றுதானே!

இந்நோயின் தன்மையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். வெறிபிடித்த நாயின் உமிழ்நீரில் இருக்கும் வைரஸ் கடிவாய் வழியே உடலுக்குள் புகுகிறது. அது நரம்புகளைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கிப் போகிறது. சாதாரணமாக 2 அல்லது 3 மாதங்கள் ஆகும். ஒரு வாரத்திலும் வரலாம், ஓராண்டு கழிந்தும் வரலாம். அதற்குள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் பிழைத்துவிடலாம். மூளையை அடைந்து நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டாலோ பிழைப்பது மிக மிக அரிது. தாகம் வாட்டும், ஆனால் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும். நினைவு தெளிவாக இருக்கும்போதே இத்தனையும் நடக்கும். உலகிலுள்ள நோய்களுள் இதைவிடக் கொடியது ஒன்றைச் சொல்வது கடினம்.

இத்தனைக்கும் இதற்குத் தடுப்பு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றன்று. 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், ஜோசப் மேஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு அம்மருந்தைக் கொடுத்துக் காப்பாற்றினார். பாஸ்டர் டாக்டர் அல்லர், இரசாயன விஞ்ஞானி. மருந்து கிடைத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஏழைகள் இந்நோயால் மாண்டுகொண்டே இருந்தார்கள். காரணம் என்ன? அவர்கள் கணக்கில் வரவில்லை!

இது எப்படி என்று சற்றுச் சிந்தித்துப் பார்ப்போம். தொலைவிலுள்ள கிராமத்தில் ஒரு குழந்தையை நாய் கடிக்கிறது. ஆஸ்பத்திரி வெகு தூரத்தில் இருக்கிறது. போனாலும் மருந்து இருக்குமோ இராதோ! காயம் ஆறிவிடுகிறது, எல்லோரும் மறந்தும் விடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்துக் குழந்தைக்கு நோய் காண்கிறது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று தெரிந்ததும் பெற்றோர் குழந்தையை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வீட்டிலேயே சாவு; ஊரிலேயே அடக்கம். இன்ன நோயால் இறந்தது என்று ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்ய வேண்டுமானால் மூளையைச் சோதிக்க வேண்டும். அதை யார் செய்வார்? ஆகவே எந்தப் பதிவேட்டிலும் அந்தக் குழந்தையின் சாவு ஏறுவதில்லை. தலைநகரில் இருக்கும் அதிகாரி பதிவேட்டைப் புரட்டுகிறார். ரேபிஸ் என்ற இடத்தில் ஒரு சிறிய எண்ணைக் காண்கிறார். 'இது பெரிய நோயன்று. இதற்கு ஏன் பணம்?' என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். பணம் இல்லாததால் மருந்து இல்லை. மருந்து இல்லாததால் மேலும் சாவு. அந்தச் சாவும் பதிவேட்டில் இல்லை. செக்குமாடு போல இது சுற்றிச் சுற்றி வருகிறது.

இந்தச் சுற்றை உடைக்கக் கிளீவ்லண்ட் அம்மையாரும் அவருடைய தோழர்களும் ஒரு வழி கண்டார்கள். இறந்தவர்களை எண்ண முடியாவிட்டால் கடிபட்டவர்களை எண்ணலாமே! நாய்க்கடிக்காக யார் யார் உதவி தேடி வந்தார்கள் என்று பார்த்தார்கள். கடித்த நாய் வெறிநாய்தானா, கடி உடலின் எந்த இடத்தில் விழுந்தது, கடிபட்டவர் ஊசி போட்டுக்கொண்டாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்தார்கள். தலையிலும் முகத்திலும் விழுந்த கடி காலில் விழுந்த கடியைவிட ஆபத்தானது. இவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 2002ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சி இதழில் விடை வெளியாயிற்று. தான்சானியாவில் ரேபிஸ் நோயால் இறந்ததாக அரசாங்கப் பதிவில் இருந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 11 பேருக்கும் குறைவு. உண்மையில் இறந்திருக்கக் கூடியவர்களோ ஏறக்குறைய 1,500 பேர்!

பதிவேட்டில் ஒருவர் இருந்தால், பதிவேட்டுக்கு வெளியே நூறு பேர் இருந்தார்கள் என்று பொருள். அந்த நூறு பேரும் எங்கோ ஒரு வீட்டின் செல்வங்கள். அவர்களுள் பலர் நம்மைவிடச் சிறியவர்கள். வெறிநாய்க்கடிக்கு ஆளாகிறவர்களில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாயோடு விளையாடுவதும் சிறுவர்கள்தாம். கடிபட்டால் ஓடித் தப்ப முடியாதவர்களும் சிறுவர்கள்தாம். எங்களுக்கும் வயது 15 தான். ஆகையால் இந்த எண்ணை எங்களால் வெறும் எண்ணாகப் படிக்க முடியவில்லை.

எண்ணியாயிற்று; இனி நோயை எங்கே தடுப்பது? செரெங்கெட்டியில் குள்ளநரி உண்டு, கழுதைப்புலி உண்டு, இன்னும் எத்தனையோ ஊனுண்ணிகள் உண்டு. காட்டு விலங்குகளே நோயைத் தாங்கி வைத்திருக்கின்றன என்றால் எந்த ஊசியும் பயன்படாது. காடெல்லாம் ஓடி யார் ஊசி போடுவது? பல ஆண்டு ஆராய்ச்சிக்குப் பின் தெளிவான விடை கிடைத்தது. காட்டு விலங்குகளுக்கும் நோய் வருகிறது. ஆனால் அதை ஆண்டுக்கணக்கில் அணையாமல் காத்து வைத்திருப்பவை கிராமத்து நாய்களே. நாய்களிடம் நோய் நின்றால் எல்லாரிடமும் நின்றுவிடும். நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வேறொரு நோய் 1994ஆம் ஆண்டு செரெங்கெட்டிச் சிங்கங்களிடையே பரவியபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் மாண்டன. அதுவும் கிராமத்து நாய்களிடமிருந்தே வந்ததென்று ஆராய்ச்சியாளர் கருதினர். ஏழையின் குடிசை வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு ஊசி போட்டால் குடிசையிலுள்ள குழந்தையும் பிழைக்கும், காட்டிலுள்ள சிங்கமும் பிழைக்கும். என்ன அழகான கணக்கு!

1996ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி வரை செரெங்கெட்டி மாவட்டத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். ஊருக்கு நடுவே ஓர் இடத்தைக் குறித்து, இன்ன நாளில் நாய்களைக் கொண்டு வாருங்கள் என்று அறிவித்தார்கள். இத்தகைய முகாம்களுக்கு நாய்களைக் கயிற்றில் கட்டி இழுத்து வருபவர்கள் பெரும்பாலும் சிறுவர் சிறுமியரே. மூன்றில் இரண்டு பங்கு நாய்களுக்கு ஊசி போடப்பட்டது. முதல் முகாமுக்குப் பின் நாய்களிடையே வெறிநோய் நூற்றுக்கு 70 பங்கு குறைந்தது. இரண்டாம் முகாமுக்குப் பின் 97 பங்கு குறைந்தது. வெறிநாய் கடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வரும் மனிதரின் எண்ணிக்கையும் உடன் குறைந்தது. மனிதருக்குப் புதிதாக ஒரு மருந்தும் கொடுக்கவில்லை, மனிதர் பிழைத்தார்கள்!

எல்லா நாய்களுக்கும் ஊசி போடாமலே இது எப்படி முடிந்தது? இங்கும் கணக்கே வழிகாட்டியது. கிளீவ்லண்ட் அம்மையாரோடு சேர்ந்து பணியாற்றிய கேட்டி ஹாம்ப்சன் என்ற மற்றொரு பெண் விஞ்ஞானியும் தோழர்களும் கிராமம் கிராமமாகப் போய், எந்த நாய் எந்த நாயைக் கடித்தது என்று துப்பறிவாளர் போல விசாரித்தார்கள். 2009ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட முடிவு நமக்கு வியப்பளிக்கிறது. ஒரு வெறிநாய் சராசரியாக ஒன்றைவிடச் சற்றே அதிகமான நாய்களுக்கு மட்டுமே நோயைக் கொடுக்கிறது. ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குத் தொற்றும் என்ற இந்தக் கணக்கைக் கொரோனா காலத்தில், 2020ஆம் ஆண்டில், நாம் எல்லோரும் செய்தியில் கேட்டிருக்கிறோம். அந்த எண் ஒன்றுக்குக் கீழே இறங்கிவிட்டால் நோய் தானே அணைந்துவிடும். பயங்கரமான ரேபிஸ், பரவும் திறத்தில் பலவீனமான எதிரி! நூற்றுக்கு 70 நாய்களுக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டால் போதும். ஆண்டுதோறும் ஏன் என்றால், பழைய நாய்கள் இறந்துகொண்டும் புதிய குட்டிகள் பிறந்துகொண்டும் இருப்பதால்தான்.

நம் கருத்துக்கு மாறாகச் சிலர் கூறுவதையும் ஆராய்வது நேர்மையாகும்.

'நாய்களை எல்லாம் கொன்றுவிட்டால் தொல்லை தீர்ந்தது' என்பார் உளர். குழந்தையைப் பறிகொடுத்த தாய் அப்படிச் சொன்னால் நாம் அவளோடு வாதாட மாட்டோம். அவளுடைய துயரம் அத்தகையது. ஆனால் திட்டம் தீட்டுகிறவர்கள் சொன்னால் ஆதாரம் கேட்போம். இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் 1997ஆம் ஆண்டு ரேபிஸ் புகுந்தது. ஏராளமான நாய்களைக் கொன்றார்கள், நோய் போகவில்லை. அதே நாட்டின் பாலித் தீவில் 2008ஆம் ஆண்டு நோய் தோன்றியபோதும் முதலில் கொல்லத்தான் தொடங்கினார்கள். நோய் தீவு முழுவதும் பரவியது. 2010ஆம் ஆண்டு தீவு முழுவதும் நாய்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கிய பின்னரே குறையலாயிற்று. ஏன்? கொல்ல வருகிறார்கள் என்றால் மக்கள் தங்கள் நாயை ஒளித்துவைக்கிறார்கள், வேறு ஊருக்குக் கொண்டு போகிறார்கள். நோயும் கூடவே போகிறது. ஊசி போட்ட நாயையும் சேர்த்துக் கொன்றால், நோய்க்கு இருந்த தடைச்சுவரை நாமே இடித்தவர்கள் ஆகிறோம். கொன்ற இடத்தில் வெகு விரைவில் ஊசி போடாத புது நாய்கள் வந்து நிரம்புகின்றன. கொடுமையாக இருப்பதோடு இந்த வழி பயனற்றதாகவும் இருக்கிறது.

'மனிதனுக்கே மருந்து இல்லாதபோது நாய்க்குச் செலவு செய்வதா?' என்று கேட்பாரும் உளர். நியாயமான கேள்விதான். கடிபட்ட ஒருவர் நான்கு ஐந்து முறை ஊசிக்காக நடக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பஸ் கட்டணம், ஒரு நாள் கூலி, உடன் வருபவரின் கூலி. கடுமையான காயமானால் விலை உயர்ந்த மற்றொரு மருந்தும் வேண்டும். இத்தனை செய்தும் அந்த ஊர் நாய்களிடம் நோய் குறைவதில்லை. அடுத்த ஆண்டும் இதே செலவு. நாய்க்குப் போடும் ஊசியோ மலிவானது; நோயின் ஊற்றையே அடைக்கிறது. கடிபட்டவருக்கு ஊசி கட்டாயம் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் கூரை ஒழுகும் வீட்டில் பாத்திரம் வைத்துத் தண்ணீரைப் பிடித்தால் மட்டும் போதுமா? ஓட்டையும் மாற்ற வேண்டாமா?

'இதெல்லாம் ஆப்பிரிக்காவின் கதை, நமக்கென்ன?' என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறோம். நம் நீலகிரியில், குன்னூரில், 1907ஆம் ஆண்டிலேயே பாஸ்டர் நிலையம் தோன்றியது இந்நோயை எதிர்க்கத்தான். வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பாட்டிமார் இன்றும் அஞ்சி அஞ்சிச் சொல்வார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்தின் காலம். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே அம்மருந்து நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. இப்போது கையில் சில ஊசிகளே. எனவே பயத்தால் யாரும் ஊசியைத் தவிர்க்க வேண்டியதில்லை.

இங்கே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாய் கடித்துவிட்டது என்று குழந்தை வந்து சொன்னால், 'யார் உன்னைத் தெருவுக்குப் போகச் சொன்னது?' என்று அடிக்காதீர்கள். அடிக்குப் பயந்த குழந்தை அடுத்த முறை சிறிய கடியை மறைத்துவிடும். மறைத்த கடிதான் உயிரைக் குடிக்கும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் காயத்தில் அப்பாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் நன்றாகக் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். தங்கை தம்பியரை உடைய தோழியரே, அவர்கள் உங்களிடமாவது பயமின்றிச் சொல்லும்படி நடந்துகொள்ளுங்கள்.

வெறிநாய்க்கடி ஓர் உதாரணமே. எண்ணப்படாத நோய்கள் இன்னும் உண்டு. வட தான்சானியாவில் மோஷி என்ற ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளில் கடுமையான காய்ச்சலுக்காகச் சேர்ந்த 870 நோயாளிகளை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டு முடிவு வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் மலேரியா என்றே முதலில் கருதப்பட்டது. ஆனால் உண்மையில் மலேரியா இருந்தது நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. நூற்றுக்கு 26 பேருக்கு இருந்தவை மிருகங்களிடமிருந்து தொற்றும் நோய்கள்: எலியின் சிறுநீரால் வரும் எலிக்காய்ச்சல், கால்நடைகளிடமிருந்து வரும் கியூ காய்ச்சல், காய்ச்சாத பாலாலும் கன்று வீசும் ஆடுமாடுகளைத் தொடுவதாலும் வரும் புருசெல்லா காய்ச்சல் முதலியவை. பெயர் தெரியாத நோய்க்குத் தவறான மருந்தைக் கொடுத்தால் நோயாளி எப்படிப் பிழைப்பார்? ஆடுமாடுகளைக் கேட்டிருந்தால் அவையே விடை சொல்லியிருக்கும். கேட்கத் தெரிந்தவர்கள் வேண்டும். கிளீவ்லண்ட் அம்மையாரும் ரேபிஸோடு நில்லாமல் புருசெல்லா போன்ற கால்நடை நோய்களையும் அந்நாட்டு மருத்துவர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார்.

அந்நாட்டு மருத்துவர்களோடு சேர்ந்து என்று சொன்னோம். அது முக்கியம். இத்தகைய வேலை ஒருவரால் ஆவதன்று. தான்சானியாவின் கால்நடை மருத்துவர்கள், ஊர் ஊராகச் சென்று குறிப்பெடுத்த பணியாளர்கள், கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாக விடை சொன்ன கிராமத்துத் தாய்மார்கள், கயிற்றைப் பிடித்து நின்ற சிறுவர்கள், அத்தனை பேருடைய உழைப்பும் அந்தக் கணக்கில் இருக்கிறது.

உழைப்புக்குப் பலன் கிடைத்ததா? கிளீவ்லண்ட் அம்மையாரும் வேறு சிலரும் சேர்ந்து ரேபிஸ் ஒழிப்புக்காக ஒரு கூட்டமைப்பைத் தோற்றுவித்தார்கள். அதன் முயற்சியால் 2007ஆம் ஆண்டு தொடங்கிய உலக ரேபிஸ் தினம், பாஸ்டர் மறைந்த நாளான செப்டம்பர் 28ஆம் நாளில் அனுசரிக்கப்படுகிறது. உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் நாய்வழி ரேபிஸால் இறக்கிறார்கள் என்ற மதிப்பீடு 2015ஆம் ஆண்டு வெளியாயிற்று. நாளொன்றுக்கு 160 பேர்! 2030ஆம் ஆண்டுக்குள் இந்த எண்ணைப் பூஜ்யமாக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் பிற உலக அமைப்புகளும் குறிக்கோள் கொண்டுள்ளன. 2016ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி கிளீவ்லண்ட் அம்மையாரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. நியூட்டன் தலைமை வகித்த அதே சங்கந்தான் அது. கிராமத்து நாய்களை எண்ணியவருக்கு அங்கே ஓர் இருக்கை கிடைத்தது.

ஆனால் நம் ஊரில் ஒரு பெண் கால்நடை மருத்துவம் படிக்க விரும்பினால் என்ன சொல்கிறார்கள்? 'மாட்டு டாக்டரா? வேறு படிப்பே கிடைக்கவில்லையா?' என்கிறார்கள். 'பெண்பிள்ளை மாட்டுக் கொட்டகையில் நிற்பதா? நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?' என்றும் கவலைப்படுகிறார்கள். மனித டாக்டருக்கு மதிப்பெண் போதாதவர் போய்ச் சேரும் இடம் அது என்றே பலர் எண்ணுகிறார்கள். இந்த எண்ணத்தை நாங்கள் பணிவோடு மறுக்கிறோம். நம் வீடுகளில் பசுவுக்குத் தண்ணீர் காட்டுவது யார்? கோழிக்கூட்டைத் திறந்துவிடுவது யார்? கன்று ஈனும்போது இரவு முழுவதும் கூட இருப்பது யார்? பெரும்பாலும் பெண்கள்தாம். சம்பளமில்லாமல் கொட்டகையில் நிற்பது பெண்ணுக்கு இழுக்கில்லை; படித்துப் பட்டம் பெற்று நிற்பது மட்டும் இழுக்காகிவிடுமா? சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ஆம் ஆண்டு தொடங்கியது, நூற்றாண்டைக் கடந்துவிட்டது. வாசல் திறந்தே இருக்கிறது. உள்ளே போக நினைக்கும் பெண்ணின் காலை வீட்டிலுள்ளவர்கள் கட்டிப்போடாமல் இருந்தால் போதும்.

தோழியரே! எல்லோரும் இந்தப் படிப்பைப் படிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எந்தப் பணிக்குப் போனாலும் இந்தப் பாடம் நமக்கு உதவும். நாளை நம்முள் ஒருத்தி கிராம ஆஸ்பத்திரியில் நர்சாக இருப்பாள். மற்றொருத்தி ஆசிரியையாக இருப்பாள். இன்னொருத்தி அலுவலகத்தில் பதிவேடு எழுதுபவளாக இருப்பாள். வேறொருத்தி வீட்டை நடத்தும் தாயாக இருப்பாள். வருகைப் பதிவில் பல நாள் வராத மாணவி யார்? மருந்து வாங்க வராமல் நின்றுவிட்ட நோயாளி யார்? நம் தெருவில் ஊசி போடாத நாய்கள் எத்தனை? இப்படிக் கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். ஏட்டில் உள்ளதை மட்டும் கூட்டிப் பார்த்துத் திருப்தி அடையாமல், ஏட்டில் ஏறாதவர் யார் என்று தேடிப் போவதே உண்மையான தொண்டு.

தான்சானியக் கிராமங்களில் பெயர் பதியாமல் மறைந்த குழந்தைகளை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆனால் அவர்களை எண்ணிய பிறகுதான், அவர்களுக்குப் பின் பிறந்த குழந்தைகளுக்கு வாழ்வு கிடைத்தது. அடுத்த முறை நம் ஊரில் நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் என்று அறிவிப்பு வந்தால், அதை நாய்க்கான செய்தி என்று ஒதுக்கிவிடாமல், நம் தம்பி தங்கையருக்கான செய்தி என்று படிப்போம். நம் வீட்டு நாயை நாமே கயிற்றில் கட்டி அழைத்துச் செல்வோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி